அடுப்பும் சந்தையும் திரும்பி வந்த நாடு

1975 ஏப்ரல் 17 அன்று, போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்டுகளான க்மெர் ரூஜின் படை தலைநகர் நோம் பென்னுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து 1979 ஜனவரி 7 வரை கம்போடியாவில் சந்தை கிடையாது, பணம் கிடையாது. தேசிய வங்கிக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். நகரத்து ஜனங்களை மொத்தமாகக் கிராமங்களுக்கு ஓட்டிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வீட்டுச் சமையலுக்கும் தடை வந்தது. சட்டி பானைகளைப் பறித்துக்கொண்டு, ஊரே ஒரு கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, அளந்து ஊற்றும் கஞ்சியைக் குடிக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். பசிக்குக் கைப்பிடி அரிசியை ஒளித்துவைத்தது கூடக் குற்றம். பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் செத்தவர்கள் 15 முதல் 20 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர், நாலில் ஒருவராகவும் இருக்கலாம்.

கம்போடியாவுக்குக் கிளம்புவதற்கு முன் இதையெல்லாம் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்று எனக்கும் கணவருக்கும் நிறையப் பேச்சு நடந்தது. மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்கு ஒன்பது. கொலைக்களத்திலிருந்து தொடங்க வேண்டாம், சந்தையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் தொடங்கலாம் என்று முடிவுசெய்தோம். ஒரு பொருள் கையில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே அதைப் பறித்தால் என்ன ஆகும் என்பது புரியும்? எங்களோடு என் அம்மாவும் வந்தார். உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊரில் பிறந்து வளர்ந்தவர். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில் போனோம். வெயில் தணிந்து, காலையில் ஒரு மெல்லிய சால்வை தேவைப்படுகிற பருவம்.

சியாம் ரீப் நகரத்தில் சுற்றுலாக்காரர்கள் போகும் சந்தை 'ப்சார் சாஸ்', பழைய சந்தை. அது ஆற்றங்கரையில், விடுதிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊர்க்காரர்களின் சந்தை அதுவல்ல. ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் 'ப்சார் லூ'தான் அவர்கள் அன்றாடம் போவது. விடியும் முன்பே அங்கே போய்விட்டோம். வெளிப்பக்கம் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் கட்டிய வண்டிகளிலிருந்து கீரைக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தாழ்ந்த தகரக் கூரை, மஞ்சள் பல்பு வெளிச்சம், ஈரத்தரை. இடுப்பளவு உயர மேடைகளில் சரக்குக்கு நடுவிலேயே பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் காய்கறி, நடுவில் அவர். கை நீட்டினால் தராசு, கை மடக்கினால் பணப்பெட்டி. பூப்போட்ட மேல்சட்டையும் அதே துணியில் பைஜாமாவும்தான் பெரும்பாலோர் உடை.

அம்மா ஒவ்வொரு மேடையாக நின்று நின்று நகர்ந்தார். வள்ளைக்கீரை, முருங்கைக்கீரை, வாழைப்பூ, பாகற்காய், புளி, உருண்டைக் கத்திரி, சுண்டைக்காய் எல்லாம் இருந்தன. அல்லித் தண்டைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். குளத்தோரம் பூக்கும் மஞ்சள் நிறச் சின்னப் பூ ஒன்றைப் படியால் அளந்து விற்கிறார்கள், சமைத்துச் சாப்பிடத்தான். ஒரு பெண்மணி எலுமிச்சைப்புல், அரத்தை, மஞ்சள், பூண்டு, நார்த்தை வகை இலை ஒன்று, எல்லாவற்றையும் இடித்து மஞ்சளாகவும் பச்சையாகவும் குன்று குன்றாகக் குவித்து வைத்திருந்தார். க்ரூங் என்பார்கள். கம்போடியக் குழம்புகளில் பாதிக்கு இதுதான் அடிப்படை. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். விற்றவர் அதைத் தப்பாக நினைக்கவில்லை. இன்னொரு குன்றிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து அவர் கையிலேயே வைத்தார்.

மீன் பகுதிக்கு வந்தபோது மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விராலும் கெளுத்தியும் தட்டில் துள்ளுகின்றன, தெறிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. அதைத் தாண்டினால் ப்ரஹோக். ஆற்று மீனைத் தலை வெட்டி, மிதித்தோ கசக்கியோ கொழுப்பை நீக்கி, வெயிலில் ஒரு நாள் காட்டி, உப்பில் புதைத்து வாரக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், புளிக்கவைத்த சாந்து. சாம்பல் நிறத்தில் பெரிய வட்டில்களில் கூம்பாக நின்றது. அந்த வாசனைக்குப் பல வெளிநாட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள் என்று பிற்பாடு எங்கள் வண்டிக்காரர் சொன்னார். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அது பசியைத்தான் கிளப்பியது. டோன்லே சாப் ஏரி வடிகிற டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றில் இறங்கும். ப்ரஹோக் போடுகிற காலமும் அதுதான். நெல் விளைந்த ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியில் அரிசியைக் கொண்டுவந்து மீனவர்களிடம் கொடுத்து மீனாக மாற்றிப் போவது பழைய வழக்கம்.

அன்று மதியம், பழைய தலைநகரான அங்கோரில் உள்ள பாயோன் கோயிலுக்குப் போனோம். அங்கோர் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதியாயிற்று, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாயோனின் வெளிச்சுற்றுத் தென்சுவரை மட்டும் தவறவிடாதீர்கள். போர்க்காட்சிகளுக்குக் கீழே, எண்ணூறு வருடத்துக்கு முன் ஆண்ட மன்னர் ஏழாம் ஜெயவர்மன் காலத்து ஜனங்கள் அன்றாடம் என்ன செய்தார்களோ அதெல்லாம் கல்லில் இருக்கிறது. சேவல் சண்டை விடுகிறார்கள், அண்டாவில் சமைக்கிறார்கள், ஒரு பெண் தராசு பிடித்து நிறுக்கிறாள். "காலையில பார்த்தோமே, அந்தக் க்ரூங் ஆன்ட்டி!" என்று மகள் கத்தினாள். 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வந்து ஏறத்தாழ ஒரு வருடம் தங்கிய ஜோ தாக்குவான், இந்த நாட்டில் வியாபாரம் தெரிந்தவர்கள் எல்லாம் பெண்கள்தான் என்று குறித்துவைத்திருக்கிறார். தினமும் காலையில் தொடங்கி நண்பகல் வரை சந்தை, கடை என்று கட்டடம் கிடையாது, தரையில் பாய் விரித்து உட்காருவார்கள், இடத்துக்கு அதிகாரிகளிடம் வாடகை கட்டவேண்டும் என்பதும் அவர் குறிப்பில் உண்டு. எழுநூறு வருடத்துக்கு மேலாக மன்னர்களும் தலைநகரங்களும் மாறியும், சந்தைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி விரட்டியது 1975 ஒன்றுதான்.

பாந்தே ஸ்ரே கோயிலுக்குப் போகிற வழியில் ப்ரேயா டாக் என்ற ஊர் வருகிறது. சாலையின் இரு பக்கமும் வரிசையாக அடுப்புகள், ஒவ்வொன்றிலும் அகலமான இரும்புச் சட்டி. வண்டி நிற்பதற்குள் அம்மா இறங்கிவிட்டார். வயலெல்லாம் பனை நிற்கிற நாடு அது. 2005-இல் அரச ஆணை மூலம் பனையைத் தேசிய மரமாக அறிவித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் மாநில மரம் பனைதான் என்று கணவர் வண்டிக்காரரிடம் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை.

அடுப்பருகே இருந்த அம்மாளுக்கு அம்மா வயதுதான் இருக்கும். மூங்கில் குழாயில் வந்த பதநீரைச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அம்மா குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏட்டி, சுண்ணாம்பையே காணோம! புளிச்சிப் போயிருமே, எப்படிச் சமாளிக்காவ?" வண்டிக்காரர் கேட்டுச் சொன்னார். அங்கே சுண்ணாம்பு தடவுவதில்லை. பொபெல் என்ற மரத்தின் சிராய்களைக் குழாயின் அடியில் போட்டு மரத்தில் கட்டுகிறார்கள், அதன் துவர்ப்பு புளிக்கவிடாது. அந்த அம்மாள் ஒரு சிராயை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைக் கடித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார். பிறகு பாளையை நசுக்கும் நீண்ட மரக் கடிப்பைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அம்மா அதை வாங்கி, தன் அப்பா எப்படிப் பிடிப்பார் என்று இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து, பிடியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். ஏறுவதிலும் வித்தியாசம் உண்டு. அங்கே கணுவை ஏணிப்படி மாதிரி விட்டுச் சீவிய ஒற்றை மூங்கிலைப் பனையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், அதில் கால்வைத்துப் போகிறார்கள்.

பாகு இறுகும் நேரம் வந்தது. சட்டியை இறக்கித் தரையில் வைத்து, மரத்துடுப்பால் சுழற்றிச் சுழற்றி அடித்தார். கறுப்பாக இருந்தது பழுப்பாகி, பழுப்பு மெல்ல வெளுத்து, சந்தன நிறத்துக்கு வந்து துடுப்பில் ஒட்டி நின்றது. பனையோலையைச் சின்ன வளையமாக வளைத்து வரிசையாக வைத்திருந்ததில் கரண்டியால் ஊற்றினார். எங்கள் ஊரில் சிரட்டையில் ஊற்றுவார்கள், கருப்பட்டி கருமையாகவே இருக்கும். கம்போங் ஸ்பூ மாகாணத்துப் பனஞ்சர்க்கரைக்கு 2010-இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் பனையேறுகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், தன் மகனும் தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றார் அந்த அம்மாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தாத்தாவுக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் யாரும் ஏறவில்லை.

அங்கே அம்மா காட்டிய ஆர்வத்தைப் பார்த்துத்தான் வண்டிக்காரர் எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அம்மாவை அதற்குள் 'யேய்', அதாவது பாட்டி என்றுதான் அழைக்கத் தொடங்கியிருந்தார். கூப்பிட்ட வீடு அவர் மனைவியின் தாய்வீடு. கம்போடிய கிராமங்களில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டோடு போய் இருப்பது சாதாரணம். கடைசி மகளுக்கு வீடு, அவளே பெற்றோரைப் பார்த்துக்கொள்வாள் என்று பல குடும்பங்களில் ஏற்பாடு.

வீடு மரக்கால்களின் மேல் நின்றது. மேலே ஏறும் படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை, மகன் எண்ணிப் பார்த்துச் சரி என்றான். ஆனால் பகல் வாழ்க்கையெல்லாம் வீட்டுக்குக் கீழேதான். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குக் கட்டிய தொங்கல் படுக்கை, மூங்கில் கட்டில், மோட்டார் சைக்கிள், கோழிக்கூடை, கொஞ்சம் தள்ளி மாடு. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஆளுயர ஜாடிகள் மூன்று. அடுப்பு பின்பக்கம், தனிச் சாய்ப்பில்.

வண்டிக்காரரின் மாமியார் எழுபது தாண்டியவர். தலையில் கட்டம்போட்ட க்ரமாத் துண்டு. அம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கையைப் பிடித்து மூங்கில் கட்டிலில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். முதலில் வந்தது வெற்றிலைத் தட்டு. சிவப்புச் சுண்ணாம்பு, பாக்கு, கொஞ்சம் புகையிலை. அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? இருவரும் மென்றுகொண்டே ஒருவர் வளையலை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள். கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்காரவேண்டும், பாதம் யாரையும் பார்த்து நீளக்கூடாது. புளியும் வள்ளைக்கீரையும் போட்ட விரால் மீன் சாறு, சுட்ட ப்ரஹோக்கும் அதைத் தொட்டுக்கொள்ளப் பச்சைக் கத்திரியும் வெள்ளரியும், பெரிய பானையில் சோறு. பெரியவர்கள் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொட்டார்கள். தட்டில் சோறு குறையக் குறைய அந்தப் பாட்டி கேட்காமலே போட்டுக்கொண்டிருந்தார். போதும் என்று மகள் கையை மறித்தபோதும் விடவில்லை.

அரிசி வாளிக்குள் ஒரு தகர டப்பா கிடந்தது. பழைய கண்டென்ஸ்டு மில்க் டப்பா, விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. கம்போடியாவில் வீடுகளில் இன்றும் அரிசி அளப்பது இதில்தான். மகள் அதைக் கையில் எடுத்து எதற்கு என்று கேட்டாள். பாட்டி மருமகனைப் பார்த்தார். அவர் தயங்கினார். பாட்டியே பேசத் தொடங்கினார், மருமகன் மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

போல் பாட் காலத்தில் பாட்டிக்குக் கல்யாண வயது. கல்யாணமாகாத பெண்களைத் தனிக் குழுவாக்கி ஊர் ஊராகக் கால்வாய் வெட்டக் கொண்டுபோனார்கள். ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்பது கட்சியின் இலக்கு. விளைந்ததெல்லாம் லாரியில் போனது. பத்துப் பேருக்கு ஒரு டப்பா அரிசி போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் சோற்றுப் பருக்கையை எண்ணிவிடலாம் என்றார். தனக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு கரண்டி மட்டும், அதை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்குவாராம். அவருடைய அம்மாவும் இரண்டு தம்பிகளும் வேறு எங்கோ வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், திரும்பவில்லை. 1979-இல் க்மெர் ரூஜை விரட்டிக்கொண்டு வியட்நாம் படை வந்ததும் நடந்தே ஊருக்கு வந்தார். வீடு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. யாரோ விட்டுப்போன பானை ஒன்று வயலில் கிடைத்தது. அதில்தான் முதல் சோறு பொங்கினார்.

பிறகு நொம் பஞ்சொக் விற்கத் தொடங்கினார். ஊறவைத்துப் புளிக்கவைத்த அரிசி மாவை, நம் சேவை நாழி போல் ஓட்டையிட்ட அச்சில் வைத்துக் கொதிநீரில் பிழிந்து எடுக்கும் சேவை அது. மேலே மீனும் எலுமிச்சைப்புல்லும் போட்ட பச்சைக் குழம்பு, வாழைப்பூ, வெள்ளரி. கம்போடியாவின் காலை உணவு. சாலையோரம் பாய் விரித்து உட்கார்ந்தார். காசு என்று ஒன்று நாட்டிலேயே இல்லை. கம்போடியப் பணமான ரியால் மறுபடி அச்சாகி வந்தது 1980 மார்ச்சில்தான். அதுவரை தங்கமும் அரிசியும்தான் பணம். ஒரு தட்டு சாப்பிட்டவர்கள் அரிசியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அளந்து வாங்கியது இந்த டப்பாவில்.

என் மகள் அதைத் திரும்ப அரிசிக்குள் வைத்தாள். பாட்டி எழுந்து போய் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது. ஆண்கள் அதிகம் செத்துப்போன தேசத்தில் விதவைகளும் தனித்துவிடப்பட்ட பெண்களும் பாய் விரித்து உட்கார்ந்த இடங்களிலிருந்து சந்தைகள் முளைத்தன. அரசாங்கம் திட்டம் போடுவதற்கு முன்பே அவர்கள் கடை போட்டுவிட்டார்கள். கம்போடியாவின் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால் அங்கோருக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

அதனால்தான் வீடுகளைக் காட்சிப்பொருளாக்கும் சுற்றுலாவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டோன்லே சாப் ஏரி வறண்ட காலத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர், மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகித் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ள, அதைப்போல ஐந்தாறு மடங்கு விரியும். அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி மாடியளவு உயரக் கால்களில் வீடு கட்டியிருக்கும் கம்போங் ப்ளுக் அற்புதமான ஊர். ஆனால் படகிலிருந்து நீட்டிய கேமராக்கள் குளிக்கிறவர்களையும் தூங்குகிறவர்களையும் விட்டுவைப்பதில்லை. ஏரிக்கரையின் சில இடங்களில் அனாதை விடுதி என்று கூட்டிப்போய், பக்கத்துக் கடையில் அரிசி மூட்டை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கம்போடிய அனாதை விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நன்கொடை வருகிறது என்பதற்காகவே பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்படுகிறார்கள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். ஏரிக்கரை ஊரில் இறங்கி நடந்து, சாலையில் இறால் காயவைக்கிறவர்களிடம் கால் கிலோ இறால் வாங்கினால் அந்தக் காசு நேராக அந்த வீட்டு அடுப்புக்குப் போகும்.

அடுத்துப் போன பட்டம்பாங் நகரில் மூங்கில் குழாயில் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்துச் சுட்ட ஒட்டரிசி, மெல்லிய அரிசித்தாள் வெயிலில் காயும் தெருக்கள், நல்ல மனிதர்கள். இன்னும் தங்கியிருக்க வேண்டும் என்று தோன்றிய ஊர்.

நோம் பென்னில் துவோல் ஸ்லெங்குக்கு மகளும் கணவரும் மட்டும் போனார்கள். பள்ளிக்கூடமாக இருந்து க்மெர் ரூஜ் காலத்தில் சிறையாக மாறிய இடம். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள், உயிரோடு வந்தவர்கள் மிகச் சிலர். மகள் அன்று இரவு என்னோடு படுத்துக்கொண்டாள். பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவும் மகனும் நானும் 'ப்சார் த்மெய்'யில் இருந்தோம். 1937-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏரியைத் தூர்த்த இடத்தில் கட்டிய பெரிய மஞ்சள் குவிமாடச் சந்தை அது. நாலு பக்கமும் கைநீட்டியது போன்ற கூடங்கள், நடுவில் குவிமாடத்தின் கீழ் நகைக்கடைகள். போருக்குப் பிறகும் மக்கள் தங்கத்தை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. இன்று அதே மேடைகளில் கீரை விற்கிற பெண்ணின் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆயிரம் ரியாலுக்குக் கொத்தமல்லி வாங்கினாலும் ஃபோனை நீட்டுகிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டாலர் எங்கும் செல்லும், ஆனால் கிழிசலோ கறையோ இருந்தால் வாங்கமாட்டார்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியால் கணக்கு, சில்லறை ரியாலில்தான் வரும், சந்தைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ப்சார் லூவுக்கு விடிவதற்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் மீனும் குறையும், விற்பவர்களுக்குப் பேசவும் பொழுதிருக்காது. படம் எடுக்கும் முன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பனஞ்சர்க்கரையைக் கடையில் வாங்காமல் ப்ரேயா டாக் அடுப்படியிலேயே வாங்குங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் பழம் வாங்கிக்கொண்டு போங்கள், பெரியவர் கையில் இரண்டு கையாலும் கொடுங்கள், சோறு போட வந்தால் தட்டை நீட்டுங்கள்.